முப்பத்தாறாவது பூ

முதல்லயே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். நான் கத்துக்கிட்டது டாட்டிங். டேட்டிங் இல்லை. ஹாஸ்டலில் இதைச் சொன்ன அன்னைக்கு என் ரூம்மேட் கட்டிலைவிட்டு எழுந்து வந்து கைகொடுத்தான். அப்புறம் நான் நூலையும் ஷட்டிலையும் எடுத்துக் காட்டினதும், ஒண்ணும் பேசாம திரும்பப் போய்ப் படுத்துட்டான். நீங்களும் தலைப்பைப் பார்த்து வேற எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிச்சுக்கோங்க. இது நூலைப் பற்றிய கட்டுரை.

டாட்டிங் என்பது ஒரு வகை லேஸ். தறி வேண்டாம், ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம். கட்டைவிரல் நீளத்தில் இரண்டு முனையும் கூரான ஒரு சின்ன ஷட்டில், ஒரு நூல்கண்டு, இரண்டு கை. அவ்வளவுதான். ஷட்டிலைப் பார்த்தால் குட்டிப் படகு மாதிரி இருக்கும். ஜெர்மன்காரர்கள் இந்த வேலைக்கு வைத்திருக்கிற பெயருக்கே 'சின்னப் படகு வேலை' என்றுதான் அர்த்தம். இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு சந்தோஷம். ஏன்னா தமிழ்லயும் தறியில் ஓடுகிற அந்தக் கட்டைக்கு 'ஓடம்' என்றுதானே பேர்? எங்கேயோ இருக்கிற இரண்டு ஊர்க்காரர்களுக்கு ஒரே பொருளைப் பார்த்ததும் ஒரே நினைப்பு வந்திருக்கு. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் இதற்கு 'ஃப்ரிவோலிட்டே' என்று பேர் வைத்துவிட்டார்கள். வெட்டி வேலை என்ற மாதிரி அர்த்தம். எங்க அப்பா பிரெஞ்சு படிச்சதில்லை. ஆனா அவர் கருத்தும் அதுதான்.

அப்பாவைப் பற்றி அப்புறம் வரேன். முதல்ல அத்தை.

நாலாவது செமஸ்டர் முடிஞ்ச மே மாத லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில் பக்கம். அப்பாவோட அக்கா, என் அத்தை, எங்க வீட்டுக்குப் பின்னாடி வீட்டில் தனியா இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கலை. கை விரல் மூட்டுகள் எல்லாம் வாதத்தில் வீங்கிப்போய், காபி டம்ளரைக்கூட இரண்டு கையாலும் சேர்த்துத்தான் பிடிப்பாங்க. அவங்க வீட்டு அலமாரி மேல் தட்டைத் துடைக்கப் போன இடத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. நம்ம வீடுகளில் பிஸ்கட் டப்பாவுக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிஸ்கட் இருக்காது.

உள்ளே வெள்ளை லேஸ் பூக்கள். ஒவ்வொன்றும் சதுரம், நாலு இதழ், சுற்றிலும் நாலு வில், ஓரமெல்லாம் சின்னச் சின்னக் காதுகள். எண்ணினேன். 35. வரிசையா ஒன்றோடு ஒன்று கோத்து, ஒரு மூலை மட்டும் காலியா, 6-க்கு 6 சதுரமா விரிந்தது. 36-ஆவது பூவைக் காணோம்.

"இன்னொண்ணு எங்க அத்தை, தொலைஞ்சு போச்சா?"

"தொலையல்ல மக்களே. போடல்ல."

"ஏன்?"

"யாருக்குப் போட?"

அதுக்கு மேல அவங்க பேசலை. எனக்கும் கேட்கத் தோணலை. "இதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்றுதான் கேட்டேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "உனக்குப் பொறுமை கெடையாதே" என்றாங்க. அதுவும் உண்மைதான். மேத்ஸ் அரியரை இரண்டாவது தடவை எழுதிட்டு வந்திருந்த நேரம் அது.

எங்க பக்கத்துக்கு லேஸ் புதுசு இல்லை. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் எலிசா கால்டுவெல் அதே வேலையைச் செய்தார். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் மனைவிதான் அவர். அவர்கள் கற்றுக்கொடுத்தது தலையணை மேல் ஊசிகள் குத்தி, நிறைய மரக் குச்சிகளில் நூல் சுற்றி, மாற்றி மாற்றிப் போடுகிற லேஸ். டாட்டிங் அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்க. தலையணையும் வேண்டாம், உட்கார இடமும் வேண்டாம். பஸ்ஸில் போய்க்கொண்டே போடலாம். அத்தை பத்தாவது முடித்ததும் கான்வென்ட் தையல் வகுப்பில் இதைக் கற்றுக்கொண்டாங்க.

சரி, எப்படிப் போடுறது? ஒரே ஒரு முடிச்சுதான். போன் கவரில் ஸ்ட்ராப் மாட்டுறோமே, வளையத்தை உள்ளே விட்டு இழுப்போம் இல்லையா, அதே அமைப்புதான். இரண்டு பாதியாகப் போடணும். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு முடிச்சு. இந்த முடிச்சுகளை ஒரு நூலின் மேல் வரிசையாக அடுக்கி, உள்ளே ஓடும் நூலை இழுத்தால் வரிசை சுருண்டு வளையமாகிவிடும். முடிச்சுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டு, பிறகு நெருக்கித் தள்ளினால் அந்த இடைவெளி நூல் காது மாதிரி எழும்பி நிற்கும். அதற்கு 'பிக்காட்' என்று பேர். அழகுக்கு மட்டுமில்லை, அடுத்த வளையத்தைக் கோக்கவும் அதுதான் கொக்கி.

கேட்க சுலபம். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஷட்டில் நூலால் இடது கை நூலைச் சுற்றுகிறோம். அப்படியே இறுக்கினால் முடிச்சு ஷட்டில் நூலில் விழும். அப்புறம் உள் நூல் நகரவே நகராது, வளையம் மூடாது. அதனால் சுற்றியதும் இடது கை நடுவிரலைத் தளர்த்தி, வலது கையால் ஷட்டில் நூலை விறைப்பாக இழுக்கணும். அந்த நொடியில் முடிச்சு ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குத் தாவும். சுற்றிக்கொண்டிருந்தது நேராகிவிடும், நேராக இருந்தது சுற்றிக்கொள்ளும்.

இந்தத் தாவலுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு. யூடியூபில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். பேப்பரில் படம் போட்டுப் பார்த்தேன். எதுவும் உதவலை. அத்தையின் விரல்கள் மடங்காததால் செய்து காட்டவும் முடியவில்லை. என் பின்னாடி உட்கார்ந்துகொண்டு, முடிச்சு தாவ வேண்டிய நேரத்தில் "விடு" என்று மட்டும் சொல்லுவாங்க. நான் இறுக்குவேன். "விடு மக்களே, இடது கையை விடு. இழுக்குது வலது கை. விடுதது இடது கை." மூணாவது நாள் சாயங்காலம், மழைக்கு கரண்ட் போய், சரியாகப் பார்க்கக்கூட முடியாத நேரத்தில் விரலுக்கு அடியில் ஏதோ 'டக்' என்று புரண்டது. நூலை இழுத்தேன். வளையம் மூடியது. அத்தை "கொள்ளாம்" என்றாங்க. எங்க ஊரில் அது பெரிய சர்ட்டிபிகேட்.

இன்னொரு விஷயம். கிரோஷாவில் தப்பு பண்ணினால் நூலை இழுத்தால் போதும், மொத்தமும் கழன்று வந்துவிடும். டாட்டிங்கில் அப்படி இல்லை. எல்லாமே முடிச்சு. மூடிய வளையத்தைத் திறப்பதைவிட வெட்டி எறிவது சுலபம். கண்ட்ரோல் இசட் பழகிய கைகளுக்கு இது கஷ்டம்.

அடுத்து, அத்தையோட பூவை நான் போடணும். "எத்தனை முடிச்சு அத்தை?" என்றால், "அது கைக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது" என்கிறாங்க. அதனால் நம்ம டிபார்ட்மென்ட் வழிக்குப் போனேன். ரிவர்ஸ் இன்ஜினியரிங். போன் கேமராவில் பெரிதாக்கி எண்ணினேன். இதழ் வளையம் ஒவ்வொன்றும் 5-5-5-5. அதாவது ஐந்து முடிச்சு, ஒரு பிக்காட், மறுபடி ஐந்து என்று 20 முடிச்சு, 3 பிக்காட். நடுப் பிக்காட்டுகள் நாலும் மையத்தில் சேருது. வில் ஒவ்வொன்றும் 6-4-4-6. அதுவும் 20. ஒரு பூவுக்கு நாலு வளையம், நாலு வில், மொத்தம் 160 முடிச்சு. 35 பூவுக்கு 5,600. ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டு பாதி, ஆக அத்தையின் கை 11,200 தடவை அந்த டப்பாவுக்காக அசைந்திருக்கு.

வெர்னியர் காலிப்பரை எடுத்து 35-ஐயும் அளந்தேன். சிரிக்காதீங்க, லேபில் கற்றுக்கொண்டதை வேறெங்கே உபயோகிக்கிறது? மிகச் சின்னது 27.6 மி.மீ., மிகப் பெரியது 28.3. ஒரு மனுஷியின் கை, மாதக்கணக்கில் போட்ட வேலை, மொத்த வித்தியாசம் 0.7 மி.மீ. நான் லேத்தில் திருப்பிய முதல் ஜாப்பை சார் எவ்வளவு வித்தியாசத்தில் ரிஜெக்ட் பண்ணினார் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் அப்பா வந்தார். என் கையைப் பார்த்தார், மேசை மேல் இருந்த டப்பாவைப் பார்த்தார். "லே, இதெல்லாம் பொம்பளைங்க வேலை. போய் உருப்படியா எதையாவது படி." சொல்லிட்டு நிற்காமல் போய்விட்டார். அத்தை டப்பாவை மூடினாங்க.

லீவு முடிந்து ஷட்டிலோடு ஹாஸ்டலுக்கு வந்தேன். நூல் ஆங்கர் மெர்சர் கிரோஷா, 20-ஆம் நம்பர். நூலில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பதை, 40 வாங்கி ஏமாந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அஞ்சாவது செமஸ்டர் முழுக்க இரவு பத்து மணிக்கு மேல் இதே வேலை. முதல் பூ முடிய ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அளவு 25.8 மி.மீ. அத்தையின் 28-க்கு நடுவில் இதைக் கோத்தால் பக்கத்துப் பூக்களையும் இழுத்துச் சுருக்கிவிடும்.

ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு அலுத்தபோது, வடிவத்தை மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது. இந்தப் பகுதிதான் உங்களில் சிலருக்குப் பிடிக்கும்.

நாலு வளையத்துக்குப் பதில் ஆறு வளையம் போட்டேன். தட்டையாக, அழகாக அறுகோணம் வந்தது. அறுகோணத்தின் மூலை 120 டிகிரி, மூணு சேர்ந்தால் 360. தேன்கூடு மாதிரி எவ்வளவு தூரத்துக்கும் கோத்துக்கொண்டே போகலாம். ஏழு போட்டேன். வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டது. எவ்வளவு அழுத்தி வைத்தாலும் தட்டையாகாது. தப்பு என்று நினைத்தேன். அப்புறம் படித்தால், 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணிதவியலாளர் இதே மாதிரி சுருண்டுபோகும் பரப்பை கிரோஷாவில் பின்னித்தான் ஹைப்பர்பாலிக் ஜியோமெட்ரியை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறார். மேத்ஸில் அரியர் வைத்தவன் கையில் தானாக வந்து விழுந்த ஹைப்பர்பாலிக் பரப்பு அது!

அப்புறம் ஐந்து. ஐங்கோணத்தின் மூலை 108 டிகிரி. மூணு சேர்ந்தால் 324. தட்டையாக வைத்தால் 36 டிகிரி இடைவெளி திறந்தே இருக்கும். பிக்காட்டைப் பிக்காட்டோடு கோத்து அந்த இடைவெளியை மூடினேன். லேஸ் மேசையை விட்டு மேலே எழுந்தது. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஐந்து, ஆக ஆறு ஐங்கோணம் கோத்ததும் ஒரு கிண்ணம். பன்னிரண்டு கோத்தால் முழுப் பந்து ஆகியிருக்கும். ஆறோடு நிறுத்திக்கொண்டேன், இன்டர்னல் டெஸ்ட் வந்துவிட்டது.

வில்லின் நீளத்தையும் மாற்றிப் பார்த்தேன். 20 முடிச்சை 10 ஆக்கினால் நாலு இதழ்ப் பூவே குவிந்துவிடுகிறது. வெளிச் சுற்று போதவில்லை என்றால் கிண்ணம், அதிகமானால் சுருக்கம், சரியாக இருந்தால் தட்டை. மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் சுற்றளவு 6.28 மில்லிமீட்டர் கூடணும், அவ்வளவுதான் கணக்கு. இரண்டு பை ஆர் என்பதை நான் எட்டாம் வகுப்பிலிருந்து எழுதிவருகிறேன். விரலில் உணர்ந்தது அப்போதுதான்.

ஆனால் 28 மி.மீ. மட்டும் வரவில்லை. முப்பது பூ தாண்டியும் 26-ஐ ஒட்டியே நின்றது.

டிசம்பரில் செமஸ்டர் முடிந்து, கிறிஸ்மசுக்கு இரண்டு நாள் முன்னாடி ஊருக்குப் போனேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில். என் ஐங்கோணக் கிண்ணத்தில் பழைய பட்டன்களைப் போட்டு வைத்துக்கொண்டாங்க. அப்பா வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்தும் உள்ளே போகவில்லை. நான் மறுபடி அளந்தேன். 25.9. "ச்சே" என்றேன்.

"பிக்காட்டுக்கு ஈர்க்கு வச்சியா?"

கேட்டது அப்பா.

எனக்கு ஒரு நொடி ஒண்ணும் புரியலை. அந்த வார்த்தை இவர் வாயில் எப்படி? அவர் முற்றத்தில் இறங்கி, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பிளேடால் இரண்டு பக்கமும் சீவினார். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சீவினார். "முடிச்சுக்கு நடுவுல இத வச்சு, நூல அதுக்கு மேல எடு. எல்லாக் காதும் ஒரே உயரத்துக்கு வரும்." அப்புறம் என் கையிலிருந்த ஷட்டிலை வாங்கினார். நூல் தீர்ந்துபோயிருந்தது. கண்டிலிருந்து நூலை எடுத்து, அதைப் பார்க்காமலேயே, தெருவைப் பார்த்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்தார். நூல் ஷட்டிலின் விளிம்புக்கு வெளியே தெரியாத அளவில் வந்ததும் கை தானாக நின்றது.

"இவன்தான் எனக்கு ஷட்டில் சுத்துவான்," என்றாங்க அத்தை. "ஸ்கூல் விட்டு வந்து பத்து சுத்தி வச்சிட்டுத்தான் விளையாடப் போவான்."

மிச்சத்தை அப்பாவே சொன்னார், தெருவைப் பார்த்துக்கொண்டுதான். அத்தை கர்சீப்புக்கு ஓரம் போட்டுக் கொடுத்த காசில்தான் அவர் பாலிடெக்னிக் படித்தார். கடைசி வருஷம் ஒருத்தர் இந்தத் துணிக்கு ஆர்டர் கொடுத்தார். முன்பணம் இல்லை. முடித்துக் கொடுத்தால் அந்த செமஸ்டர் ஃபீஸ் வந்துவிடும். 35 பூ முடிந்திருந்தபோது, ஆர்டர் கொடுத்தவர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று தெரிந்தது. அத்தை ஷட்டிலைக் கீழே வைத்தாங்க. மறுநாள் காதில் கம்மல் இல்லை.

"அந்த டப்பாவைப் பாத்தாலே எனக்கு அந்தக் காதுதான் ஞாபகம் வரும்," என்றார் அப்பா.

"நல்ல கதையா இருக்கு," என்றாங்க அத்தை. "கம்மல்தான் மறுபடி வாங்கித் தந்திட்டியே."

"முப்பது வருஷம் கழிச்சு."

ரெண்டு பேரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்க வீட்டில் இதுவே நீளமான பேச்சு.

ஈர்க்கு வைத்துப் போட்ட முதல் பூ 27.1 வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பிக்காட்டுகள் அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகக் குட்டையாக இருந்திருக்கு. இரண்டு ஓரமும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அங்கேயே போயிருக்கு. மீதி, நான் வளையத்தை இறுக்கி மூடும் பழக்கத்தில் போனது. "விடு" என்று அத்தை சொன்னதை ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன். கிறிஸ்மஸுக்கு மறுநாள் போட்ட பூ 27.8. என் கணக்கில் அது நாற்பத்தொன்றாவது பூ. துணிக்கு முப்பத்தாறாவது.

மூலைப் பூ என்பதால் இரண்டு பக்கம்தான் கோக்க வேண்டியிருந்தது. கோத்து, நூல் முனையை ஊசியால் முடிச்சுகளுக்குள் ஒளித்து, வெட்டினேன். விரித்தால் ஒரு சாண்கூட இல்லாத, 17 செ.மீ. சதுரத் துணி. 35 பூக்கள் பழுத்த டீத்தூள் கலர். என்னுடையது மட்டும் பளிச்சென்று வெள்ளை. "டீத் தண்ணியில முக்கினா ஒரே நிறமாயிடும்" என்றேன். அத்தை கையை நீட்டித் தடுத்தாங்க. "வேண்டாம். எது எவன் போட்டதுன்னு தெரியட்டு."

இப்போ அது அத்தை வீட்டு டிவி மேல் இருக்கு. அப்பா அங்கே போனால் ரிமோட்டை அதன் மேல் வைப்பதில்லை.

1910-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு டாட்டிங் புத்தகத்துக்கு ருமேனியாவின் ராணி எலிசபெத் முன்னுரை எழுதியிருக்கிறார். ராணியே உட்கார்ந்து போட்ட லேஸ் அது. அதே முடிச்சைத்தான் எங்க அத்தையும் கர்சீப் ஓரத்துக்குப் போட்டாங்க. கர்சீப் ஒன்றுக்கு நாலு ரூபாய்.

உங்களுக்கும் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் ஒரு ஷட்டில், 20-ஆம் நம்பர் நூல், ஒரு சின்னக் கத்தரி போதும். முதலில் இரண்டு வேறு நிற நூலை முடிச்சுப் போட்டுப் பழகுங்க. முடிச்சு எந்த நூலில் விழுகிறது என்று கண்ணுக்கே தெரியும். மூணு நாள் வரவில்லை என்றால் பயப்படாதீங்க. என்னிடம் கூடுதலாக இரண்டு ஷட்டில் இருக்கு, ஈர்க்கும் இருக்கு. மெக்கானிக்கல் மூணாம் வருஷம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாஸ்டல் மாடிப் படியில் உட்கார்ந்திருப்பேன். வந்து உட்காருங்க. 'விடு' என்று சொல்ல யாராவது பக்கத்தில் வேணும்.